ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து வைத்த தெய்வம்

எங்கள் சபையில் பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கும்போது ஒரு பிள்ளை கேட்டாள்: "டீச்சர், எங்க வீட்ல விக்கிரகமே கிடையாதே. அப்புறம் ஏன் விக்கிரகத்தை விடுங்க விடுங்கன்னு பிரசங்கத்துல சொல்லிக்கிட்டே இருக்காங்க?" நல்ல கேள்வி. அன்றைக்கு அவளுக்கு நான் ஒரு கதையைத்தான் பதிலாகச் சொன்னேன்.

ஆதியாகமம் 31ஆம் அதிகாரம். மாமனார் வீட்டில் இருபது வருஷம் உழைத்த யாக்கோபு, சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறான். மாமனார் லாபான் ஆட்டுமயிர் கத்தரிக்கப் போயிருந்த நேரம் அது. கிளம்பும் அவசரத்திலும் யாக்கோபின் மனைவியும் லாபானின் மகளுமான ராகேல் ஒரு காரியத்தை மறக்கவில்லை. தகப்பன் வீட்டுச் சுரூபங்களை, அதாவது வீட்டுத் தெய்வச் சிலைகளை, திருடி எடுத்துக்கொள்கிறாள். ஏழு நாள் துரத்தி வந்த லாபான் கீலேயாத் மலையில் அவர்களைப் பிடித்துவிடுகிறான். "என் தெய்வங்களை ஏன் திருடிக்கொண்டு போகிறாய்?" என்று யாக்கோபிடம் கேட்கிறான். கூடாரம் கூடாரமாகத் தேடுகிறான். ராகேல் அந்தச் சுரூபங்களை ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். மாதவிலக்கு, எழுந்திருக்க முடியாது, கோபப்படாதீர்கள் என்று தகப்பனிடம் சொல்கிறாள்.

தெய்வம் என்றால் அது நம்மைக் காப்பாற்ற வேண்டும். இங்கே ராகேல்தான் தெய்வத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அதற்காகப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது. விக்கிரகம் என்று வேதம் எதைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல படம் கிடைக்கவில்லை. நாம் தூக்கிச் சுமக்க வேண்டிய, ஒளித்து வைக்க வேண்டிய, பறிபோய்விடுமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்றிடம் நம் வாழ்வை ஒப்புக்கொடுத்திருந்தால், அது விக்கிரகம். அதற்கு உருவம் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

பத்துக் கட்டளைகள் "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்" என்று தொடங்குகின்றன. சிலை செய்யாதே என்பது அதற்கு அடுத்ததாக வருகிறது. முதலில் இடம், பிறகு உருவம். தேவனுக்குரிய இடத்தில் வேறு யாரும், வேறு எதுவும் உட்காரக் கூடாது என்பதுதான் அடிப்படை. எசேக்கியேல் தீர்க்கதரிசி இதை இன்னும் உள்ளே கொண்டுபோகிறார். 14ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் மூப்பர்கள் வந்து அவர் முன்னே உட்காருகிறார்கள். கர்த்தருடைய வார்த்தையைக் கேட்க வந்த பக்திமான்கள். அவர்களைப் பற்றித்தான் கர்த்தர், இந்த மனுஷர் தங்கள் விக்கிரகங்களைத் தங்கள் இருதயத்தின்மேல் நாட்டியிருக்கிறார்கள் என்கிறார். கையில் ஒன்றும் இல்லை, வீட்டிலும் இல்லாமல் இருந்திருக்கலாம். இருதயத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது பொருளாசையை நேராகவே விக்கிரகாராதனை என்று சொல்லிவிடுகிறார். 1529இல் மார்ட்டின் லூதர் எழுதிய பெரிய ஞானோபதேசமும் முதல் கட்டளையை இப்படித்தான் விளக்குகிறது: உன் இருதயம் எதைப் பற்றிக்கொண்டு எதை நம்பியிருக்கிறதோ, அதுவே உண்மையில் உன் தேவன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பேச்சு பக்கத்து வீட்டாரின் பூஜை அறையைப் பற்றியதல்ல. "விக்கிரகத்தை விடு" என்ற வசனத்தைக் கல்லாக எடுத்து அடுத்தவர் மேல் எறிபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அது எனக்கு வேதனை. எபேசுவில் தியானாள் கோயிலை முன்னிட்டுப் பெரிய கலவரம் வந்தபோது, அந்தப் பட்டணத்து அதிகாரியான சம்பிரதியே எழுந்து நின்று, இந்த மனுஷர் கோவில் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களும் அல்ல என்று பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னான். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கிறிஸ்தவரல்லாத ஒருவர் நம்மைப் பற்றி அப்படிச் சாட்சி சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். யோவான் "பிள்ளைகளே, நீங்கள் விக்கிரகங்களுக்கு விலகி, உங்களைக் காத்துக்கொள்ளுங்களாக" என்று எழுதியது சபைக்குத்தான். கத்தோலிக்கர் வீட்டு மாதா சுரூபத்தைப் பற்றியும் நான் இங்கே பேசவில்லை. வணக்கம் வேறு, ஆராதனை வேறு என்று 787இல் இரண்டாம் நிசேயா சங்கம் வகுத்ததை அவர்கள் பின்பற்றுகிறார்கள். எங்கள் புராட்டஸ்டன்ட் பாரம்பரியம் வேறு வழியில் போனது. இருதயத்தில் நட்டு வைக்கும் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிலைமைதான்.

புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களைக் குழப்புவது எது என்றால், விக்கிரகம் பெரும்பாலும் கெட்ட பொருளாக இருப்பதில்லை. மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கல சர்ப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவனே செய்யச் சொன்னது. அதை நோக்கிப் பார்த்தவன் பிழைத்தான். பல நூறு வருஷம் கழித்து எசேக்கியா ராஜா அதைத் துண்டு துண்டாக உடைத்துப்போட வேண்டியதாயிற்று. ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் உயிர் காத்த ஈவு, பின்னால் தேவனுடைய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கிதியோன் கதை இன்னும் கசப்பானது. தகப்பன் வீட்டுப் பாகாலின் பலிபீடத்தை இடித்தவனே அவன்தான். மீதியானியரை ஜெயித்த பிறகு, கொள்ளையில் கிடைத்த 1,700 சேக்கல் எடைப் பொன்னால் ஒரு ஏபோத்தை, அதாவது ஆசாரியர் அணியும் மேலாடையை, செய்து தன் ஊரில் வைத்தான். அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்று வேதம் சொல்கிறது. ஒரு விக்கிரகத்தை இடித்தவன் கையே இன்னொன்றைச் செய்தது. ஊழியத்தில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியை அடிக்கடி வாசிக்க வேண்டும். ஊழியமே, நாம் கட்டிய ஆலயமே, யூடியூபில் நம் பிரசங்கத்துக்கு வரும் பார்வை எண்ணிக்கையே ஏபோத்தாகிவிடும்.

அப்படியானால் நல்லதை நேசிப்பதற்கும் அதை விக்கிரகமாக்குவதற்கும் இடையே கோடு எங்கே இருக்கிறது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது நியாயாதிபதிகள் 18இல் வரும் மீகா என்பவனின் ஒரு கேள்வி. மீகா வீட்டோடு ஒரு கோயில், சொந்தமாக விக்கிரகம், சம்பளத்துக்கு ஒரு ஆசாரியன் என்று வைத்திருந்தான். தாண் கோத்திரத்தார் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மீகா பின்னால் ஓடுகிறான். உனக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் கேட்க, நான் உண்டுபண்ணின என் தெய்வங்களையும் ஆசாரியனையும் கொண்டுபோகிறீர்களே, "இனி எனக்கு என்ன இருக்கிறது?" என்று கதறுகிறான்.

எது போய்விட்டால் "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்று உங்கள் வாய் கேட்கும்? அந்த இடத்தை ஒரு தடவை உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். வேலையா, ஊரில் இருக்கும் பெயரா, கட்டி முடித்த வீடா, பீரோவில் இருக்கும் நகையா, ஒரு மனிதரா?

என் விஷயத்தில் அது என் மகனின் மதிப்பெண். பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். கேசரி கிண்டி மூடி வைத்திருந்தேன். 600க்கு 541 வந்தது. நான் மனதில் 570 என்று எழுதி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாமல், ஆனால் எல்லாரிடமும் சொல்வதற்கென்று. அவனைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "உனக்காக நான் என்னவெல்லாம் விட்டேன்னு தெரியுமாடா?" அவன் பதில் சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மத்தியானம் சாப்பிட வரவில்லை, ராத்திரியும் வரவில்லை. மறுநாள் காலையில் அடுப்படியில் அந்தப் பாத்திரத்தைத் திறந்தபோது கேசரியின்மேல் நெய் வெள்ளையாக உறைந்து படிந்திருந்தது. கரண்டி படாமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் பிள்ளையை அதிகமாக நேசித்துவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை. மதிப்பெண்தான் விக்கிரகம். பிள்ளை, அதற்கு நான் கொடுத்த பலி.

விக்கிரகங்கள் பலி கேட்கும். எரேமியா 7இல் இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளை நெருப்பில் தகித்தவர்களைப் பற்றிக் கர்த்தர் பேசும்போது, அதை நான் கட்டளையிடவும் இல்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். முன்பெல்லாம் அதை ஏதோ பழங்காலத்துக் கொடுமை என்று வாசித்துப் போய்விடுவேன். இப்போது அந்த வசனத்தில் நின்றுவிடுகிறேன். குடும்பத்துக்காக என்று சொல்லிக் குடும்பத்தோடு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாமல் ஓடுகிற தகப்பனும், ஊர் பேசிவிடும் என்று வயிற்றெரிச்சலோடு கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துகிற வீடும் அந்தப் பள்ளத்தாக்குக்குத் தூரத்தில் இல்லை.

இதுவரை சொன்னது தனி மனிதரின் விக்கிரகம். ஒரு சமுதாயமே சேர்ந்து நட்டு வைக்கும் விக்கிரகமும் உண்டு. நம் சபைகளில் அதற்குப் பெயர் சாதி. இதைச் சொல்லாமல் தமிழில் விக்கிரகத்தைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. நம் முன்னோர் பலர் குலதெய்வத்தை விட்டார்கள், பெயரை மாற்றினார்கள், சொந்தபந்தத்தின் ஏச்சைத் தாங்கினார்கள். ஆனால் 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைத் திட்டவட்டமாக, உடனடியாக விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றுக்கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். நற்கருணைப் பாத்திரத்தில் எல்லாரும் ஒன்றாகப் பங்கெடுப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் இரண்டு சாதிப் பிரிவினருக்கு இரண்டு நடைகளாக, இடையே தடுப்போடு கட்டப்பட்டது. இரண்டு நடையும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும், மக்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். 1910இல் அந்தத் தடுப்பை அகற்றினார்கள். பிரிவினை வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள், சாதகமான தீர்ப்பு கிடைக்கவில்லை.

கிறிஸ்து "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" இருதிறத்தாரையும் ஒன்றாக்கினார் என்று எபேசியர் 2:14இல் வாசிக்கிறோம். அதை வாசித்த சபைக்குள்ளேயே ஒரு தடுப்பு நின்றது, அதைக் காப்பாற்ற ஆள் இருந்தார்கள், வக்கீல் இருந்தார்கள். சேணத்தின்மேல் உட்கார்ந்த ராகேலைத்தான் நான் அங்கே பார்க்கிறேன். மீகாவின் கேள்வியும் கேட்கிறது: இதுவும் போய்விட்டால், இனி எனக்கு என்ன இருக்கிறது? அந்தத் தடுப்பு போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. கிறிஸ்தவ மணமகன் தேவை என்று விளம்பரம் கொடுக்கும்போது, அந்த வரியிலேயே உட்பிரிவையும் சேர்த்து எழுதுகிறோமே, அது இன்னும் போகவில்லை.

சரி, விடுவது எப்படி? இங்கே இரண்டு தவறான வழிகளை முதலில் ஒதுக்கிவிடலாம். ஒன்று, நேசிப்பதையே நிறுத்திக்கொள்வது. பிள்ளையை விக்கிரகமாக்கிவிட்டேன் என்று பயந்து பிள்ளையிடம் பாசத்தைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தேவன் அதைக் கேட்கவில்லை. யோபு பிள்ளைகளை இழந்தபோது சால்வையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தான். அதில் யோபு பாவம் செய்யவில்லை என்று வேதமே சொல்கிறது. துக்கப்படுகிறவர்களிடம் போய் "நீ அவரை விக்கிரகமாக வைத்திருந்தாய், அதனால்தான் தேவன் எடுத்துக்கொண்டார்" என்று யாராவது சொன்னால், அது வேதம் அல்ல, கொடுமை. மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறவர்களிடம் மாத்திரையை விக்கிரகம் என்று சொல்லி நிறுத்தச் சொல்வதும் அப்படித்தான். டாக்டர் கொடுத்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இன்னொரு தவறு, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே எறிவது மட்டும். மத்தேயு 12இல் இயேசு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறார். அசுத்த ஆவி போனபின் அந்த வீடு பெருக்கி, ஜோடித்து, வெறுமையாக இருக்கிறது. போன ஆவி தன்னைவிடப் பொல்லாத வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வருகிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்ற உபவாச நாட்களில் நாற்பது நாள் ஃபேஸ்புக்கை விட்டவர் ஈஸ்டர் மத்தியானமே போனும் கையுமாக உட்கார்வதை இதோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். காலியான நாற்காலியில் எதுவாவது உட்காரத்தான் செய்யும்.

லூக்கா இரண்டு பணக்காரர்களை அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்திருக்கிறார். 18ஆம் அதிகாரத்துத் தலைவனிடம், உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு கேட்கிறார். அவன் துக்கத்தோடு நின்றுவிடுகிறான். மாற்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சேர்க்கிறார், இயேசு அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தாராம். கடிந்துகொண்டு கேட்டதல்ல, அன்பினால் கேட்டது. 19ஆம் அதிகாரத்தில் சகேயு. அவனிடம் இயேசு பணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார், அவ்வளவுதான். காட்டத்தி மரத்திலிருந்து இறங்கியவன் சந்தோஷத்தோடு அவரை அழைத்துப் போகிறான். பிறகு தானாகவே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். கேட்டும் விரியாத கை ஒன்று, கேட்காமலே விரிந்த கை ஒன்று. சகேயுவின் வீட்டுக்குள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு காசு வெறும் காசாகிவிட்டது.

ஆகையால் விடுவதைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் சங்கீதங்களை வாசியுங்கள், நற்கருணைக்குப் போங்கள், தேவன் உங்களை எப்படி நேசிக்கிறார் என்பதில் நேரம் செலவிடுங்கள் என்கிறேன். அதோடுகூட, விக்கிரகத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுவதும் வேண்டும். "ஆண்டவரே, என் பாவங்களை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்வது சுலபம். "ஆண்டவரே, என் தங்கச்சி வீட்டைவிட என் வீடு பெரிசா இருக்கணும்னு நினைக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், தொண்டை அடைக்கும். பணத்தின் பிடி தளர வேண்டுமானால் அதைக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது, அதுவும் கொஞ்சம் வலிக்கிற அளவுக்கு, யாருக்கும் தெரியாமல். சாதி விஷயத்தில் ஜெபம் மட்டும் போதாது. வீட்டில் சம்பந்தம் பேசும்போது வாயைத் திறக்க வேண்டும்.

பயமாக இருந்தால் பயத்தோடேயே செய்யலாம். கிதியோன் தகப்பன் வீட்டுக்கும் ஊராருக்கும் பயந்து, பத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில்தான் பலிபீடத்தை இடித்தான். பகலில் செய்யவில்லையே என்று கர்த்தர் அவனைத் தள்ளவில்லை.

நான் அன்றைக்கு மகன் அறைக்குப் போனேன். "மன்னிச்சிரு அய்யா" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தேன். அந்த விக்கிரகம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். இப்போது கல்லூரி செமஸ்டர் ரிசல்ட் வரும்போதும் அது தலையைத் தூக்குகிறது. அப்போதெல்லாம் நான் ஏசாயா 46ஐ எடுத்து வாசிப்பேன். பாபிலோனின் தெய்வங்களான பேலும் நேபோவும் மிருகங்களின்மேல் ஏற்றப்பட்டுப் போகின்றன, சுமந்து சுமந்து அந்த மிருகங்கள் இளைத்துப்போகின்றன. அடுத்த வசனங்களில் கர்த்தர் பேசுகிறார்: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்... நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்."

ராகேலின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு, பலர் அதைச் சேர்த்து வாசிப்பதில்லை. நாலு அதிகாரம் தள்ளி, 35இல், பெத்தேலுக்குப் போ என்று தேவன் யாக்கோபிடம் சொல்கிறார். யாக்கோபு வீட்டாரை அழைத்து, உங்களிடத்தில் இருக்கிற அந்நிய தெய்வங்களை விலக்கிப்போடுங்கள் என்கிறான். அவர்கள் தங்கள் கையில் இருந்த எல்லாத் தெய்வங்களையும், காதணிகளையும்கூட, கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சீகேம் ஊர் அருகே ஒரு கர்வாலி மரத்தடியில் யாக்கோபு அவற்றைப் புதைக்கிறான். ராகேலின் பெயர் அங்கே வரவில்லை. ஆனாலும் அந்தக் குவியலில் லாபான் வீட்டுச் சுரூபங்களும் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். யாரும் தேடி வரவில்லை, கூடாரத்தைச் சோதிக்கவில்லை. அவளே சேணத்தை அவிழ்த்து எடுத்துக் கொடுத்திருப்பாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, பெத்தேலை நோக்கிப் பிரயாணம் பண்ணினார்கள்.